ஷெல் துண்டும் சென்சரும்



மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், முன்னாள் படையினருக்கான மருத்துவமனை ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போரில் காயப்பட்டு வந்தவர்களுக்காக 1917இல் திறந்தார்கள். மத்திய அரசின் கையில் கடைசியாக எஞ்சியிருந்த படையினர் மருத்துவமனையும் அதுதான். 2016இல்தான் கியூபெக்கிடம் போனது. இந்த மருத்துவச் சிறப்பிதழுக்கு எழுத உட்கார்ந்தபோது அந்த இடம்தான் ஞாபகம் வந்தது. போர் முடிந்தாலும் இரும்புத் துண்டு உடம்பில் இருந்துவிடும் என்பது ஈழத்திலிருந்து வந்த எங்கள் சனத்துக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தோளில், தொடையில் ஷெல் துண்டோடு விமானம் ஏறியவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். "எடுத்தால்தான் ஆபத்து, இருக்கட்டும்" என்று வைத்தியரே விட்டுவைத்த துண்டுகள்.

உடம்பு அந்நியப் பொருளை முதலில் கரைக்கப் பார்க்கும், தள்ளப் பார்க்கும். இரண்டும் முடியாவிட்டால் சுற்றிவர நார்த்திசுவால் ஓர் உறை கட்டி, அதை ஒதுக்கி வைத்துவிடும். அந்த உறையின் தயவில்தான் பலர் நோவில்லாமல் நடமாடுகிறார்கள்.

உடம்புக்குள் சென்சர் வைக்க முயல்பவர்களுக்கு அதே உறைதான் தலையிடி. ஷெல் துண்டுக்கு வேலை எதுவும் இல்லை; சென்சருக்கு உண்டு. திசுநீரில் குளுக்கோஸ் எவ்வளவு என்று அது இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உறை தடித்தால் பார்வை மங்கிவிடும். மேற்கையில் தோலுக்கு அடியில் பதிக்கும் எவர்சென்ஸ் சென்சருக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தபோது அதன் ஆயுள் 90 நாள். 365 நாள் தாங்கும் வகைக்கு அனுமதி கிடைக்க 2024 ஆயிற்று. அழற்சியைத் தணிக்க அந்தச் சென்சரின் உடலிலேயே கொஞ்சம் ஸ்டீராய்டு மருந்தும் வைத்திருக்கிறார்கள். வந்த விருந்தாளி வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது!

இந்தச் சென்சரை, மூலக்கூறு அளவில் வேலை செய்யும் நானோ சாதனம் என்று சொல்லிவிட முடியாது. அது இன்னும் பெரும்பாலும் ஆய்வுகூடத்தில்தான். 2013இல் எம்.ஐ.டி.யில் மைக்கேல் ஸ்ட்ரானோவின் குழு, கார்பன் நானோகுழாய்களை ஜெல்லில் பொதிந்து எலிகளின் தோலுக்கடியில் வைத்தது. அவை ஒரு வருடத்துக்கு மேல் சென்சராக வேலை செய்தன. மனித உடம்பு இவ்வளவு தாராளமாக இருக்குமா என்பது வேறு கேள்வி.

எனக்குப் பிடித்த கதை எங்கள் மொன்றியல் நகரத்திலேயே நடந்தது. 1957இல் மக்கில் பல்கலைக்கழக மாணவர் தோமஸ் சாங், விடுதி அறையையே ஆய்வுகூடமாக்கி, வாசனைத் தெளிப்பானை எல்லாம் கருவியாக்கி, செயற்கை உயிரணு செய்தார். மெல்லிய சவ்வுக்குள் ஹீமோகுளோபினை அடைத்தார். சிறிய மூலக்கூறுகள் வந்து போகலாம், நோய் எதிர்ப்புப் பொருட்கள் நுழைய முடியாது. உடம்பு உறை கட்டுமுன் நாமே கட்டிக்கொண்டு போய்விடுகிற யோசனை. உடம்புக்குள்ளேயே இருந்து மருந்து சுரக்கும் சாதனங்களைப் பற்றிய இன்றைய ஆய்வுகள் பலவற்றுக்கு அதுவே முன்னோடி.

சீனி வருத்தம் இல்லாத தமிழ்க் குடும்பம் அரிது. டொலார்-டே-ஓர்மோ முருகன் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு "ஒரு கரண்டிதான்" என்று சொல்லும் தாத்தாவை, சென்சர் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் குளுக்கோஸ் வரைகோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் பேத்தி உடனே பிடித்துவிடுவாள். எனக்குத் தாத்தாவின் பக்கம்தான் கொஞ்சம் சாய்வு. இலக்கம் அவருடைய உடம்பிலிருந்து வருகிறது. யார் பார்ப்பது என்று முதலில் அவரைக் கேளுங்கள். உங்கள் வீட்டில் இதை எப்படித் தீர்த்தீர்கள் என்று எழுதினால் அடுத்த இதழில் போடுவோம்.

இன்னொன்று. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் சென்சரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஷெல் துண்டையும் சொல்லுங்கள், எந்த இடத்தில் என்றும் காட்டுங்கள். அந்தக் காந்தம் இரும்பை அசைக்கக்கூடியது. முப்பது வருடமாக நோகவில்லை என்பது அதற்குத் தெரியாது.

அன்புடன்,
ஆசிரியர்