முழங்காற் காயமும் நம் அவசரமும்

விளையாட்டால் உடலுறுதி வளரும் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் அவ்வுடலுக்கு ஊறு நேருங்காலை நாம் நடந்துகொள்ளும் முறை போற்றத்தக்கதன்று. விரைந்தோடும் ஆட்டக்காரன் சட்டெனத் திரும்புகின்றான், முழங்காலில் ஓர் ஓசை, கீழே விழுகின்றான். சூழ நிற்கும் நாமோ, "சுளுக்குத்தான், எழுந்து ஆடு" என்கின்றோம். ஒருவர் நீவுகின்றார், மற்றொருவர் இறுகக் கட்டுகின்றார். நண்பர்களே, இங்ஙனம் தீர்ப்புரைக்க நமக்கு உரிமை ஏது?

மேலெலும்பையும் கீழெலும்பையும் பிணைக்கும் நார்களுள் இரண்டு, மூட்டினுள்ளே சிலுவைபோற் குறுக்கிட்டுச் செல்கின்றன. அவற்றுள் முன்னதை ஏ.சி.எல். என்பர். பிறர் மோதாமலே, திடீரெனத் திரும்பும்போதும் குதித்திறங்கும்போதும் அது அறுவதுண்டு. சில மணி நேரத்துள் மூட்டு வீங்குமாயின் உள்ளே குருதி கசிந்ததென்று ஐயுறல் வேண்டும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டுமேயன்றி நாரைக் காட்டாது. ஆதலின், "எலும்பு முறியவில்லை" என்ற சொற்கேட்டு மகிழ்ந்து மைதானம் மீள்வது பேதைமை. முழங்காலைச் சற்றே மடக்கிக் கீழெலும்பை முன்னிழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனையாலும், எம்.ஆர்.ஐ. படத்தாலும் மருத்துவர் உண்மை காண்பர்.

நார் அறுந்தோர் அனைவர்க்கும் அறுவைச் சிகிச்சை வேண்டுமென்பதில்லை. ஸ்வீடன் நாட்டில் இளவயதினர் 121 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதலில் உடற்பயிற்சிச் சிகிச்சை மட்டும் பெற்ற 59 பேருள் 36 பேர் இரண்டாண்டளவும் நார் சீரமைப்பின்றியே இருந்தனர். ஆனால் அடிக்கடி நழுவும் மூட்டோடு ஆடுவோர் உள்ளிருக்கும் சவ்வையும் இழக்க நேரிடும். எவ்வழி தக்கதென்பதை மருத்துவரே கூறவேண்டும்.

எவ்வழியாயினும் பொறுமை இன்றியமையாதது. நார்வே நாட்டார் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், அறுவைக்குப்பின் ஆட்டத்தைத் தள்ளிவைத்த ஒவ்வொரு மாதத்துக்கும், 9 மாதம் வரையில், மறுகாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஸ்பெயின் நாட்டுக் கால்பந்து வீராங்கனை அலெக்ஸியா புட்டேயாஸ், 2022 ஜூலையில் ஐரோப்பியப் போட்டி தொடங்குதற்கு முந்தைய நாள் இந்நார் அறுபட்டார். 2023 ஏப்ரல் இறுதியிலேயே களம் மீண்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் உலகக் கிண்ணம் வென்ற அணியிலும் இடம்பெற்றார். காத்திருந்தமையால் அவர் இழந்தது சில மாதங்களே, வாழ்நாள் முழுவதுமன்று.

ஆகவே அணித்தலைவர்களே, காலில் ஓசை கேட்டு வீழ்ந்தவனை அன்றே ஆட்டத்தினின்று விலக்குங்கள். நீவாது மருத்துவரிடம் அனுப்புங்கள். அவன் திரும்பும் நாளை நாட்காட்டி மட்டும் குறிக்கலாகாது; தேறிய தொடைத்தசையும் குறிக்கட்டும். ஒரு வெற்றிக் கிண்ணத்துக்காகத் தோழனது காலைப் பணயம் வைத்தல் வீரமாகாது.