குழாயைக் கழற்ற என்ன அவசரம்?

"இன்னும் குழாயைக் கழற்றலையா?"

குறைமாதத்தில் பிள்ளை பெற்ற தாய்மார்களின் காதில் ஓயாமல் விழும் கேள்வி இது. கமுந்திங்கிலிருந்து தைப்பிங் மருத்துவமனை பக்கம்தான். பிழிந்தெடுத்த தாய்ப்பாலைத் தாதியிடம் கொடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால், செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் கேட்பார். பக்கத்து வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் கேட்பார். அக்கறைதான். ஆனால் கேட்கக் கேட்க, தன் பிள்ளை ஏதோ பரீட்சையில் பின்தங்குவது போல அந்த அம்மாவுக்குத் தோன்றிவிடுகிறது.

மூச்சை விடும்போது நுரையீரலின் குட்டிக் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உள்ளே வழவழப்பான ஒரு பூச்சு வேண்டும். 'சர்ஃபாக்டன்ட்' என்பார்கள். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் அது போதுமான அளவு சுரக்கும். அவசரப்பட்டு வந்த பிள்ளைக்கு ஒவ்வொரு மூச்சும் புது பலூனை ஊதுவது மாதிரி. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இரண்டே நாளில் இதே காரணத்தால் இறந்தான். அதிபர் வீட்டுப் பிள்ளைக்கே அன்று மருந்து இல்லை. 1980இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா அந்தப் பூச்சையே மருந்தாகக் கொடுத்துக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது.

மூக்கில் மாட்டும் 'சிபேப்' பிள்ளைக்குப் பதிலாக மூச்சு விடுவதில்லை. பிள்ளைதான் விடுகிறது. காற்றறைகள் மூடிக்கொள்ளாதபடி மெல்லிய அழுத்தத்தை மட்டும் அது கொடுக்கிறது. நடை பழகும் பிள்ளையின் விரலைப் பிடித்துக்கொள்வது போல.

பிடியை விடும்போதுதான் சிக்கல். காலையில் கழற்றுவார்கள், மாலையில் மூச்சு சில நொடி நின்று, இதயத் துடிப்பும் குறையும். மறுபடி மாட்டுவார்கள். சில பிள்ளைகளுக்கு மூச்சு நன்றாகவே இருக்கும், எடை மட்டும் ஏறாது. குடித்த பாலின் சக்தியெல்லாம் மூச்சு விடுவதிலேயே போய்விடுகிறது. "திரும்பவும் மாட்டிட்டாங்களே" என்று வீட்டில் ஒரு மூலையில் அழுகை கேட்கும். இதைத் தோல்வி என்று ஏன் எடுத்துக்கொள்கிறோம்? அமெரிக்காவின் ஓரிகனில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கழற்றத் தயாராக இருந்த பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரம் கூடுதலாக சிபேப் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய நுரையீரல் கொள்ளளவு மற்றவர்களைவிட அதிகமாக வளர்ந்திருந்தது.

சீக்கிரம் கழற்ற உதவும் ஒன்றும் இருக்கிறது. நம்ப மாட்டீர்கள்: காஃபின். நம் கோப்பிக் கடை கோப்பியில் இருக்கும் அதே சரக்கு, மருந்தாக, அளந்து. 2006இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 2,006 குறைமாதப் பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். காஃபின் பெற்றவர்கள் சுமார் ஒரு வாரம் முன்னதாகவே சுவாச உதவியிலிருந்து விடுபட்டார்கள். (தயவுசெய்து வீட்டில் யாரும் கோப்பியைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்!)

அம்மா அப்பாவுக்கும் வேலை இருக்கிறது. தாதி அனுமதித்தால், சட்டையைத் திறந்து பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் படுக்க வையுங்கள். சிபேப் மாட்டியிருந்தாலும் இது முடியும். அப்பாக்களும் செய்யலாம். "இன்றைக்கு எத்தனை முறை மூச்சு நின்றது, எடை எவ்வளவு" என்று டாக்டரிடம் கேளுங்கள். 'எப்போது' என்பதைவிட இவை பயனுள்ள கேள்விகள்.

கழற்றி, வீட்டுக்கும் வந்தாகிவிட்டது. இப்போதுதான் நம் பாசத்துக்குக் கடிவாளம் போட வேண்டும். குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவது பாட்டிகளின் உரிமை, தெரியும். ஆனால் இத்தனை வாரம் போராடிய நுரையீரலுக்குச் சாம்பிராணிப் புகையும் கொசுவத்திப் புகையும் தாத்தாவின் சிகரெட்டும் ஒன்றுதான். முப்பதாம் நாள் விருந்தையும் தள்ளிப்போடலாம். பெரியவர்களுக்கு வெறும் சளியாக வரும் கிருமி, இந்தப் பிள்ளையைத் திரும்பவும் அதே குழாயில் கொண்டுபோய் விடும். பாட்டியிடம் இதைச் சொல்லும் பொறுப்பை மருமகள் தலையில் கட்டாதீர்கள். அவருடைய மகனே சொல்லட்டும்.