இசைக்கருவிப் பகுதி: தோளை வருத்தாத மின்சாரக் கிதார்

மாதுங்காவில் வசிக்கும் அன்பர் ஒருவரின் கடிதம் இம்மாதம் இப்பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. அவருடைய மூத்த புதல்வி மூன்றாண்டுகளாகக் கிதார் பயின்று வருகிறாள். கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கித் தந்த மின்சாரக் கிதார் முழுக் கட்டையில் செய்தது. நாலரைக் கிலோ எடை. அதை ஒரு மணி நேரம் தோளில் மாட்டி நின்றால் கழுத்திலிருந்து முழங்கை வரை வலிக்கிறதாம். கனமான எதையும் அத்தோளில் தொங்கவிடலாகாது என்று மருத்துவர் கூறிவிட்டார். “வாத்தியமே வேண்டாம், விட்டுவிடு என்கிறாள் அவள் தாய். உள்ளே கூடாக உள்ள மின்சாரக் கிதார் எடை குறைந்தது என்று கேள்விப்படுகிறேன். பத்து மாதச் சேமிப்பு கையில் இருக்கிறது. அதில் போடலாமா?” என்பது அன்பரின் வினா.

போடலாம். ஆனால் எந்தக் கூடு, எவ்வளவு கூடு என்று அறிந்து போட வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு கிதார்களில் ஒன்று மூன்று கிலோவும் மற்றொன்று நான்கு கிலோவும் இருக்கக்கூடும். இதை அறியாமல் வாங்கினால் பணமும் போகும், வலியும் தீராது.

முதலில் இக்கருவி பிறந்த கதையைச் சிறிது சொல்லிவிடுகிறேன். வாங்கும்போது அது உதவும். அமெரிக்காவில் 1920களிலும் 1930களிலும் நடன மண்டபங்களில் முழங்கிய வாத்தியக் குழுக்களில் எக்காளங்களும் முரசுகளும் நிறைந்திருந்தன. அவற்றின் நடுவே கிதாரின் ஒலி எடுபடவில்லை. ஆகவே வயலினைப் போல மேற்பலகையை வளைவாகச் செதுக்கி, இருபுறமும் எஃப் எழுத்து வடிவில் துளையிட்டு, ஓசையை முன்னோக்கி எறியும் கிதார்களைச் செய்தார்கள். கலமசூ நகரத்துக் கிப்சன் நிறுவனம் 1922இல் வெளியிட்ட எல்-5 அத்தகையது. அதுவும் போதாமற்போகவே காந்தத்தை நாடினார்கள். எஃகுத் தந்தியின் கீழே காந்தத்தையும் அதைச் சுற்றிக் கம்பிச் சுருளையும் வைத்தால், தந்தி அதிரும்போது சுருளில் மின்னோட்டம் எழுகிறது. அதனை ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் வேண்டிய அளவு ஓசை கிடைக்கும். (நைலான் தந்தி காந்தத்தை அசைக்காது. ஆகவே நைலான் தந்திக் கிதாரில் இவ்வமைப்பைப் பொருத்திப் பயனில்லை. கடைக்காரர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்.)

அந்த வளைவுப் பலகைக் கிதாரிலேயே காந்தச் சுருளைப் பொருத்தி, 1936இல் கிப்சன் நிறுவனம் இ.எஸ்.150 என்பதை வெளியிட்டது. சார்லி கிறிஸ்டியன் என்னும் கறுப்பின இளைஞர் அதைக் கையிலெடுத்தார். 1939இல் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்து, அதுவரை பின்னணியில் தாளம் தட்டிக்கொண்டிருந்த கிதாரை எக்காளத்துக்கு இணையாகத் தனித்துப் பாட வைத்தார். 1942இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துதான். பின்னாளில் ஜாஸ் கிதார் வாசித்தவர்களுள் அவருக்குக் கடன்படாதவர் அரியர்.

இனி வகைகளைப் பார்ப்போம். முதல் வகை, தடித்த முழுக்கூடு. கிப்சன் 1949இல் வெளியிட்ட இ.எஸ்.175 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உடல் அகலம் 16 அங்குலம், கனம் மூன்று அங்குலத்துக்கும் மேல். குரல் மிக இனிது. எனினும் நம் அன்பரின் புதல்விக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எடை குறைவாயினும் உடல் தடிப்பாதலால் வலக்கையைத் தூக்கி அதன் மேலே வளைத்துப் போட வேண்டியிருக்கிறது. வலத்தோள் அப்போது உயர்ந்தே நிற்கும். எடையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வகை, மெல்லிய முழுக்கூடு. 1959இல் வந்த கிப்சன் இ.எஸ்.330, 1961இல் வந்த எபிஃபோன் கஸீனோ ஆகிய இரண்டும் உடன்பிறப்புகள் போன்றவை. உடலின் கனம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். உள்ளே முழுதும் வெறுங்கூடு. எடை பெரும்பாலும் 3 கிலோவை ஒட்டியோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருக்கும். பீட்டில்ஸ் குழுவினருள் பால் மெக்கார்ட்னி 1964இல் கஸீனோ ஒன்றை வாங்கினார். ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் பின்னர் அவரைத் தொடர்ந்தனர். லெனன் 1968இல் தம் கருவியின் மெருகை முழுவதும் தேய்த்து எடுத்துவிட்டு வெறும் மரமாகவே வாசித்தார். 1969 ஜனவரியில் லண்டன் மாடியொன்றின் மேல் அவர்கள் வாசித்த கடைசிக் கச்சேரியின் படங்களில் அதைக் காணலாம். (மெருகை எடுத்தால் குரல் மேம்படும் என்று நம் இளைஞர்கள் உப்புத்தாளைத் தேடிப் புறப்பட வேண்டாம். திரும்ப விற்கும்போது விலையும் தேய்ந்துவிடும்.)

மூன்றாவது வகைதான் ஏமாற்றுவது. 1958இல் வந்த கிப்சன் இ.எஸ்.335ம் அதைப் பின்பற்றிய எண்ணற்ற கிதார்களும் வெளியே கஸீனோவைப் போலவே தோன்றும். அதே இரு துளைகள், அதே மெல்லிய உடல். ஆனால் உடலின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு மரக்கட்டை ஓடுகிறது. இரு சிறகுகள் மட்டுமே கூடு. கருவி மிகச் சிறந்ததே. ஆயினும் எடை பெரும்பாலும் மூன்றரை முதல் நான்கு கிலோ வரை இருக்கும். முழுக் கட்டையை விட்டு இதற்கு மாறினால் தோளுக்குக் கிடைக்கும் நிம்மதி அற்பம்.

வேறுபாட்டை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு துளையின் அருகே கைவிளக்கைப் பிடித்து மற்றத் துளையின் வழியே பாருங்கள். வெளிச்சம் தடையின்றிக் கடந்து வந்தால் முழுக்கூடு. உள்ளே மரச்சுவர் மறித்தால் நடுக்கட்டை உள்ளது. கூடவே, பயணப்பெட்டிகளை எடைபார்க்கும் சிறிய தொங்கு தராசு ஒன்றைக் கொண்டுசெல்லுங்கள். வாரில் மாட்டித் தூக்கிப் பார்ப்பதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பணம் உங்களுடையது. ஒரே பெயருடைய இரண்டு கருவிகள்கூட அரைக் கிலோ வேறுபடுவது உண்டு. மரம் அப்படி.

இனிக் குரல் பற்றி. வீணையை அறிந்த நம் வீட்டாருக்கு இது எளிதில் விளங்கும். குடம் இருப்பதனால் வீணைக்கு ஒரு மூச்சு இருக்கிறதல்லவா? கூடுள்ள கிதாருக்கும் அம்மூச்சு உண்டு. மீட்டியவுடன் ஒலி காற்றில் மலர்கிறது. தந்தியின் ஆற்றலில் ஒரு பகுதி பலகையை அசைப்பதில் செலவாகிவிடுவதால் விரைவில் அடங்கியும் விடுகிறது. கட்டைக் கிதாரில் மலர்ச்சி குறைவு, நீட்சி அதிகம். ஜாஸ், பழைய திரைப்பாடல், பாட்டுக்குத் துணையாகச் சுரக்கோவைகளைத் தட்டுவது ஆகியவற்றுக்குக் கூடு அழகு. கர்நாடக இசையின் நீண்ட கமகங்களை வாசிக்க விரும்புபவர்களுக்கு அது அவ்வளவு பொருந்தாது. உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்சார மாண்டலினை ஏற்றதற்கும் நாதம் நீடித்து நிற்க வேண்டும் என்பதே முக்கிய காரணம். அன்பரின் புதல்வி எதை வாசிக்கிறாள் என்று அவர் எழுதவில்லை. வாங்குவதற்கு முன் அவளைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நம்மைப் போல ஒற்றைச் சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் உறங்கும் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்குக் கூட்டுக் கிதாரில் ஒரு தனி நன்மை இருக்கிறது. ஒலிபெருக்கியின்றி வாசித்தால் வாசிப்பவருக்கு நன்றாகக் கேட்கும். அடுத்த வீட்டுக்கு எட்டாது. இண்டியானாபொலிஸ் நகரத்து வெஸ் மாண்ட்கோமரி பகலில் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு இரவில் பழகியவர். அயலார் உறக்கம் கெடலாகாது என்று மீட்டியை விடுத்துக் கட்டைவிரலால் வாசிக்கத் தொடங்கினார் என்பார்கள். அந்தக் கட்டைவிரல் நாதமே பின்னர் அவருக்கு உலகப்புகழைத் தந்தது.

நன்மை சொன்னவன் தீமையையும் சொல்ல வேண்டும். கூட்டுக் கிதார் ஊளையிடும். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை மேற்பலகையை அசைக்கிறது; பலகை தந்தியை அசைக்கிறது; காந்தம் அதை மறுபடியும் ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. இவ்வாறு சுற்றிச் சுற்றி வளர்ந்து ஊளையாகிறது. வீணையில் ஒலிவாங்கி ஒட்டிக் கச்சேரி செய்பவர்கள் இத்தொல்லையை அறிவார்கள். பி.பி. கிங் (1925–2015) பல்லாண்டுகள் கூடுள்ள கிதார்களையே வாசித்தவர். 1980இல் அவருக்கென்று கிப்சன் செய்த கருவியில் துளைகளையே நீக்கிவிட்டார்கள். அவர் தம் கிதார்களுக்கெல்லாம் லூசில் என்று பெயரிட்ட கதையை அறிவீர்களா? 1949இல் அர்க்கன்சா மாநிலத்தில் ட்விஸ்ட் என்னும் சிற்றூரில் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது, கைகலந்த இருவர் எரியும் மண்ணெண்ணெயைக் கவிழ்த்துவிட, கூடம் தீப்பற்றியது. வெளியே ஓடிவந்தவர் கிதாரை விட்டுவந்தது நினைவுக்கு வரவே மறுபடியும் தீக்குள் புகுந்து எடுத்து வந்தார். சண்டைக்குக் காரணமானவள் பெயர் லூசில் என்று மறுநாள் அறிந்து, இனி அப்படியொரு மடமை செய்யலாகாது என்று நினைவூட்டிக்கொள்ள அப்பெயரையே கருவிக்கு வைத்தாராம்.

ஊளையைத் தணிக்க வழிகள் உண்டு. ஒலிபெருக்கிக்கு நேரே நில்லாமல் விலகி நிற்கலாம். கீழ்ச் சுருதி ஓசையைக் குறைக்கலாம். துளைகளில் பஞ்சுப்பொதி அடைக்கலாம். ஆனால் முரசு அதிரும் கல்லூரிக் குழுவில் முழு ஓசையுடன் வாசிப்பதே அப்பெண்ணின் விருப்பமாயின், முழுக்கூடு அவளுக்கு ஓயாத தொல்லையாகும். அவ்வாறாயின் உள்ளே சில அறைகள் மட்டும் குடைந்து எடை குறைத்த கட்டைக் கிதாரைத் தேடட்டும். வீட்டிலும் சிறு கூட்டங்களிலும் வாசிப்பவளாயின், மெல்லிய முழுக்கூட்டை நான் தயங்காமல் சொல்வேன்.

விலையைப் பொறுத்தவரை, கிப்சன் பெயருள்ள புதுக் கருவி சில லட்ச ரூபாய் ஆகும். பத்து மாதச் சேமிப்புக்கு அது எட்டாது. எபிஃபோன், ஐபனெஸ் ஆகியவற்றின் ஆசியத் தயாரிப்புகள் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுபவை, தரத்திலும் குறைவில்லை. கனடாவின் கோடின் நிறுவனம் காட்டுச் செர்ரி மரத்தட்டுகளால் செய்யும் கிங்பின்னும் இலேசானது. ஆனால் உடல் தடித்தது. கிப்சன் பெயருடன் பத்தில் ஒரு பங்கு விலைக்கு ஒன்று வந்தால் அது போலியே. தலைப்பகுதியில் உள்ள சிறு மணிவடிவ மூடியைப் பாருங்கள். உண்மைக் கருவியில் இரண்டு திருகாணிகள் இருக்கும். போலிகளில் பெரும்பாலும் மூன்று.

கடையில் மாட்டி நின்று இரு கைகளையும் விடச் செய்யுங்கள். உடல் இலேசாக இருப்பதால் சில கருவிகளில் தலைப்பக்கம் தாழ்ந்து தரையை நோக்கும். அதை இடக்கை தாங்கிக்கொண்டே வாசித்தால் தோள்வலி தீராது, அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு தந்தியையும் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே இடத்தில் விரலை மெல்லத் தொட்டெடுத்தும் மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். நில்லாவிடில் குதிரை இடம் மாறியிருக்கிறது. பல கூட்டுக் கிதார்களில் குதிரை ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் இழுப்பால் மட்டுமே நிற்கிறது. ஆகவே வீட்டில் தந்தி மாற்றும்போது எல்லாவற்றையும் ஒருங்கே கழற்றிவிடாமல் ஒன்றொன்றாக மாற்ற வேண்டும்.

சென்னைக்கும் தில்லிக்கும் மாற்றலாகிக்கொண்டே இருக்கும் நம்மவர்களுக்கு மரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரே பலகையில் செதுக்கிய மேற்பலகை ஈரத்துக்கும் வறட்சிக்கும் மிகவும் அஞ்சும். பம்பாய் மழைக்காலத்தில் உப்பி, தில்லி மே மாதத்தில் வெடிக்கும். மெல்லிய தட்டுகளை ஒட்டிச் செய்தது அவ்வளவு அஞ்சாது. இ.எஸ்.175, கஸீனோ முதலியன ஒட்டுத் தட்டுகளாலானவையே. அதை மலிவின் அடையாளமாகக் கருத வேண்டாம். இரயிலில் கொண்டுசெல்வதாயின் கெட்டியான பெட்டியில் இட்டு மேற்படுக்கையில் உடன் வைத்துக்கொள்ளுங்கள். சரக்குப் பெட்டியில் பதிவு செய்து அனுப்ப வேண்டாமென்று அத்துறையிலேயே பணிபுரியும் நான் வேண்டிக்கொள்கிறேன்.

வார் மூன்று அங்குலமாவது அகலமாக, தோலால் ஆனதாக இருக்கட்டும். பழைய கட்டைக் கிதாரை உடனே விற்றுவிடாமல், புதியதை மாட்டி இரண்டு வாரங்கள் வாசித்தபின் மருத்துவரிடம் ஒருமுறை தோளைக் காட்டிவிட்டு விற்கலாம்.

வீணைக்கு மெழுகுகட்டி மெட்டு வைப்பது பற்றி எழுதிக் கேட்ட கல்கத்தா, நாகபுரி அன்பர்களுக்கு அடுத்த இதழில் விடை வரும்.