வேக வரம்பை எடுத்துவிட்டால் யாருக்கு லாபம்?

கிராமப்புற நெடுஞ்சாலைகளில் வேக வரம்பே வேண்டாம் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. சென்னையில் வேலை, மாதம் இரண்டு முறை காரில் சொந்த ஊர். உளுந்தூர்பேட்டையில் திரும்பி சேலம் சாலையைப் பிடித்ததும், “நாலுவழிச் சாலை, ஆளில்லாத பொட்டல், இங்கே எதற்கு எண்பது என்று போர்டு?” என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அம்பேத்கரைப் படித்தவர்கள், நம் கூட்டங்களுக்கு வருகிறவர்கள். ஆனால் ‘ஆளில்லாத’ என்ற அந்த ஒரு சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

தியாகதுருகத்துக்கும் சின்னசேலத்துக்கும் இடையில், சாலைக்கு ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் காலனி என்று கிடக்கும் ஒரு கிராமத்தில் வளர்ந்தவன் நான். (‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. சொல் போகும், இடம் அங்கேயேதான் இருக்கிறது.) ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, பேருந்து நிற்கும் இடம் எல்லாம் ஊர்ப் பக்கம். ஊர்க்காரர் ஒருவர் வாரக்கணக்கில் சாலையைக் கடக்காமலே வாழலாம். காலனிக்காரருக்கு ஒரு நாளும் முடியாது. காலையில் பள்ளிப் பிள்ளைகள், அடுத்து கூலி வேலைக்குப் போகும் பெண்கள், சாயங்காலம் புல்லுக்கட்டோடு திரும்பும் ஆயாக்கள். கார் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தால் இது பொட்டல்தான்.

சின்னக் கணக்கு ஒன்று. நாலுவழிச் சாலையில் ஒரு பக்கத்து இரு தடங்களின் அகலம் சுமார் 7 மீட்டர். தலையில் சுமையோடு நடக்கும் ஆயா விநாடிக்கு ஒரு மீட்டர் நடந்தால், கடக்க 7 விநாடி. அதற்குள் 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் கிட்டத்தட்ட 195 மீட்டர் வந்துவிடும். 140-இல் வந்தால் 270 மீட்டருக்கு மேல். அந்தி மங்கும் நேரத்தில் 270 மீட்டர் தள்ளி வரும் வண்டியின் வேகத்தை யாரால் கணிக்க முடியும்? கரும்பு வெட்டும் காலத்தில் கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு ஆலைகளுக்கு டிப்பரும் டிராக்டரும் பின்விளக்கு இல்லாமல் ஊர்ந்து போகும். ஆத்தூர் சேகோ ஆலைகளுக்கு மரவள்ளி லாரி போகும். நாலு தடமாக வந்த சாலை புறவழியில் திடீரென இரண்டு தடமாகச் சுருங்கி எதிரெதிரே மோதிய கதைகளை இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நண்பர்கள் வரம்பை எடுக்கச் சொல்வது இந்தச் சாலையில்தான்.

இது வெறும் டீக்கடைப் பேச்சும் இல்லை. 2018 ஏப்ரலில் ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கையின் மூலம் வேக வரம்பை உயர்த்தியது. விரைவுச் சாலையில் கார்களுக்கு 120, நாலுவழிச் சாலையில் 100. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் கிருபாகரன், தமிழ்ச்செல்வி அமர்வு அதை ரத்து செய்தது. அதே ஆண்டு அக்டோபரில், விரைவுச் சாலையில் 140 ஆக்கலாம் என்பது தன் சொந்தக் கருத்து என்றும், நீதிமன்றத் தீர்ப்புகள் தடையாக இருக்கின்றன என்றும் அமைச்சர் நிதின் கட்கரி பேசினார்.

அந்தத் தீர்ப்பை ஒரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும். வழக்கின் மூலம் ஒரு விபத்து இழப்பீடு. விபத்தில் முடங்கிப்போன பல் மருத்துவர் ஒருவருக்குத் தீர்ப்பாயம் கொடுத்த 18.43 லட்சத்தை நீதிமன்றம் 1.50 கோடியாக உயர்த்தியது. அவருக்கு அது கிடைக்க வேண்டியதுதான், மறுப்பில்லை. ஆனால் இழப்பீட்டுக் கணக்கு வருமானத்தை வைத்தே நடக்கிறது. 2014-இல் சையத் சாதிக் வழக்கில் காலை இழந்த காய்கறி வியாபாரியின் மாத வருமானத்தை உச்ச நீதிமன்றம் 6,500 ரூபாய் என்று வைத்தது; அதுவே தாராளம் என்று பேசப்பட்டது. காலனியிலிருந்து சாலையைக் கடக்கும் கூலிப் பெண்ணுக்குச் சம்பளச் சீட்டும் கிடையாது, வருமான வரிக் கணக்கும் கிடையாது. தலைமுறை தலைமுறையாக நிலமும் படிப்பும் மறுக்கப்பட்டதால் வருமானம் குறைந்தது; வருமானம் குறைவு என்பதால் உயிரின் விலையும் குறைகிறது. சாதி என்ற சொல் ஓரிடத்திலும் எழுதப்படாமலே சாதி வேலை செய்யும் இடம் இது.

2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக ஒன்றிய அரசின் அறிக்கை சொல்கிறது. சுமார் 68 விழுக்காடு கிராமப்புறங்களில். இருசக்கர வாகனத்தில் போனவர்களையும் நடந்து போனவர்களையும் சேர்த்தால் பத்தில் ஆறு பேருக்கு மேல். எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்ட சாவுகளுக்குக் காரணம் அதிவேகம் என்றும் அறிக்கை சொல்கிறது. அந்தக் காரணத்தை நான் அப்படியே நம்புவதில்லை. “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்” என்பது எஃப்.ஐ.ஆரில் வழக்கமாக விழும் வரி. ஆனால் சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 விழுக்காடு கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு நம்மூர் எஃப்.ஐ.ஆர். தேவையில்லை.

‘ஜெர்மனியைப் பார்’ என்பார்கள். பார்க்கலாம். ஆட்டோபானில் நடந்து போகவோ சைக்கிளில் போகவோ அனுமதி இல்லை. அதே ஜெர்மனியில் ஊர்களுக்கு வெளியே உள்ள சாதாரண இருவழிச் சாலையில் கார்களுக்கு 100 என்ற வரம்பு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடக்கு மாநிலப் பகுதியில் கிராமப்புற நெடுஞ்சாலைகளுக்கு வரம்பே இல்லாமல் இருந்தது. 2007-இல் 130 என்று வைத்தார்கள். 2014-இல் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில் சோதனையாக எடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் ஆட்சி மாறியதும் வரம்பு திரும்பி வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் மனித வாடையே இல்லாத பாலை நிலத்தில் நடந்த கதை இது.

என்னை யோசிக்க வைக்கும் எதிர்வாதம் வேறொன்று. “வேக வரம்பு என்பது போலீஸ் கையில் இன்னொரு லத்தி. மறித்து நிறுத்தப்படுவது நம் பையன்களின் பைக்தான், எம்.எல்.ஏ. ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்கார்பியோ இல்லை” என்றார் ஒரு தோழர். உண்மை. 2022 அக்டோபரில் அபராதம் உயர்ந்த பிறகு அந்த லத்தி இன்னும் கனத்தது. ஆனால் இதற்கு விடை வரம்பை எடுப்பதில் இல்லை. சாலையே வேகத்தைக் குறைக்கும்படி கட்டப்பட வேண்டும். ஊரும் காலனியும் எதிரெதிரே உள்ள இடத்தில் சுரங்க நடைபாதை, இணைப்புச் சாலை, தெருவிளக்கு. இப்போது நமக்குக் கிடைப்பது என்ன? ஒரு சாவு, ஒரு சாலை மறியல், தாசில்தாரின் வாக்குறுதி, மறுநாள் ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் விளம்பரம் எழுதிய இரும்புத் தடுப்பு இரண்டு. மூன்று மாதத்தில் அதையும் லாரி இடித்துத் தள்ளிவிடும்.

இதே மாவட்டத்தில் கல்வராயன் மலை இருக்கிறது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகுதான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலை மக்களின் நிலை பற்றி வழக்கெடுத்தது. சாலையும் பேருந்தும் ஏன் இல்லை என்று கேட்டது. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போனால் சரக்கு ஏற்றும் ‘சின்ன யானை’யில்தான் ஆட்களும் போகிறார்கள். பிரசவ வலி எடுத்தால் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய குக்கிராமங்கள் இருக்கின்றன. வேகம் உயிர் காக்கும் ஒரே இடத்தில் சாலை இல்லை. சேலத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகப் போவதற்குத்தான் விவாதம், அமைச்சர் பேட்டி எல்லாம்.

பொதுச் சாலையில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். அதே ஆண்டு வைக்கத்தில் போராட்டம். நூறாண்டு கழித்து, நடக்கலாம் என்று சட்டம் சொல்லும் சாலையில் நடந்தால் சாவு என்ற நிலையை ‘வளர்ச்சி’ என்ற பெயரில் நாமே கேட்டு வாங்க வேண்டுமா?

கிராமசபையில் வைக்க எங்கள் தெருவில் ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறோம். கடந்த பத்து ஆண்டுகளில் எங்கள் ஊராட்சி எல்லைக்குள் நடந்து போகும்போது அடிபட்டு இறந்தவர்கள் எத்தனை பேர், எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்ற பட்டியலை நெடுஞ்சாலை ஆணையம் தர வேண்டும்; பள்ளிக்கூடத்துக்கு நேராக ஒரு சுரங்க நடைபாதை வேண்டும்; அது கட்டி முடியும்வரை இரண்டு பக்கமும் 500 மீட்டருக்கு 50 கிலோமீட்டர் வரம்பும் விளக்கும் வேண்டும். சாலையோர ஊராட்சிகளில் உள்ள தோழர்கள் எண்களை மட்டும் மாற்றி அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.