பொற்காலத்தைக் கெடுத்தது புதியவர்கள் அல்ல

பழைய இணைய விவாதக் குழுக்களில் நிதானமும் அறிவும் இருந்தன, கைப்பேசியோடு வந்த கூட்டம் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. நாற்பதைத் தாண்டிய இணையவாசிகள் இரண்டு பேர் சந்தித்தால் இந்தப் பேச்சு வராமல் போவதில்லை. ஏக்கம் உண்மையானது. ஆனால் அந்த ஏக்கம் சொல்லும் வரலாறு பொய்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் 1979இல் திட்டமிட்ட யூஸ்நெட் இத்தகைய குழுக்களின் முன்னோடிகளில் ஒன்று. அங்கே நிதானம் எப்படி இருந்தது? விவாதம் நீள நீள யாராவது ஒருவர் எதிராளியை ஹிட்லரோடு ஒப்பிடுவது உறுதி என்று மைக் காட்வின் என்பவர் விதி வகுத்தது 1990இல். ட்விட்டர் பிறக்க இன்னும் பதினாறு ஆண்டுகள் இருந்தன. 1994 ஏப்ரலில் வழக்கறிஞர் தம்பதி ஒன்று, அமெரிக்கக் குடியுரிமைக்கு வழிசெய்யும் பச்சை அட்டைக் குலுக்கலுக்கான தங்கள் விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் கொட்டியது. அடுத்த ஆண்டே, யாராவது சீண்டினாலும் சூடான மடல் எழுதாதீர்கள் என்று அறிவுறுத்தும் நடத்தை விதிகளை இணையப் பொறியாளர்கள் வெளியிட்டார்கள். எல்லோரும் கண்ணியமாகப் பேசும் இடத்தில் அப்படி ஓர் ஆவணத்துக்கு என்ன தேவை?

புதியவர்கள் மீதான பழியும் இதே அளவு பழையது. ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரிகளில் சேர்ந்த மாணவர்கள் யூஸ்நெட்டுக்குள் நுழைவார்கள். பழையவர்கள் முகம் சுளிப்பார்கள். 1993க்கும் 1994க்கும் இடையில் ஏஓஎல் போன்ற வணிகச் சேவைகளின் வாடிக்கையாளர்கள் வந்து சேர்ந்ததும், 'முடிவில்லாத செப்டம்பர்' என்றே அந்தக் காலத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இன்று எந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நினைத்து உருகுகிறோமோ, அந்தக் காலத்தில் இருந்தவர்கள் பொற்காலம் முடிந்துவிட்டதென்று புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

தமிழிலும் இதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் ஆகிய யாஹூ குழுமங்களில் நல்ல எழுத்து விளைந்தது. மட்டுறுத்துநர்கள் ஊதியமின்றி உழைத்தார்கள். ஆனால் அங்கே நுழைய ஒரு கணினி வேண்டும், தொலைபேசி இணைப்பு வேண்டும், யூனிகோடுக்கு முன் பயன்பட்ட திஸ்கி எழுத்துருவை நிறுவத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் மென்பொருள் துறையினரும் பேராசிரியர்களும் வெளிநாட்டில் வேலைபார்த்தவர்களும்தான் உள்ளே இருந்தார்கள். யூனிகோடும் மலிவான கைப்பேசியும் வந்த பிறகுதான் செவிலியரும் வாகன ஓட்டுநரும் தமிழில் எழுதத் தொடங்கினார்கள். அவர்கள் வருகையைச் சீரழிவு என்பது அநியாயம்.

அப்படியானால் எதுவுமே இழக்கப்படவில்லையா? பெரிய இழப்பு ஒன்று நேர்ந்திருக்கிறது. இந்த ஏக்கம் அதைத்தான் மறைக்கிறது. பழைய குழுக்களின் சிறப்பு அங்கிருந்த மனிதர்களின் பண்பில் இல்லை, அமைப்பில் இருந்தது. ஒரு கேள்விக்கு ஓர் இழை. அதன் கீழ் மறுமொழிகள். பத்து ஆண்டு கழித்து வருபவரும் தேடிப் படிக்கலாம். 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் தம் புதிய இயங்குதளம் பற்றி யூஸ்நெட்டில் போட்ட அறிவிப்பை இன்றும் படிக்க முடிகிறது. பழைய குழுக்களில் கேட்கப்பட்டவை போன்ற கேள்விகள் இன்று வாட்ஸ்அப் குழுவிலோ டிஸ்கார்டிலோ கேட்கப்படுகின்றன; நல்ல பதில்களும் கிடைக்கின்றன. ஆனால் அந்தக் குழுவுக்கு வெளியே இருப்பவரின் தேடலில் அவை சிக்குவதே இல்லை.

சேர்த்துவைத்ததை அழித்தவர்கள் பயனர்கள் அல்லர். மக்கள் ஃபேஸ்புக்குக்கு நகர்ந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் நகர்வதால் பழைய மடல்கள் தாமாக அழிந்துவிடுவதில்லை. 2019 அக்டோபரில் யாஹூ நிறுவனம், குழுமங்களில் சேர்ந்திருந்த எல்லாவற்றையும் நீக்கப்போவதாக அறிவித்தது. கெஞ்சியவர்களுக்குக் கிடைத்தது சில வார நீட்டிப்பு. 2020 டிசம்பர் 15இல் சேவையே மூடப்பட்டது. ஐஎம்டிபி தன் திரைப்பட விவாதப் பலகைகளை 2017 பிப்ரவரியில் மூடியது. வாடகை வீட்டில் நூலகம் கட்டியவர்களின் நிலைதான் இது. இந்த முடிவுகளைக் கேள்வி கேட்க வேண்டிய நேரத்தில், இளைஞர்களுக்கு வாசிப்புப் பழக்கம் இல்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தோம்.

யாஹூ குழுமங்களின் மடல்கள் உறுப்பினர்களின் மின்னஞ்சல் பெட்டிக்கும் வந்தவை. இருபது ஆண்டுப் பழைய கணக்குகளிலும் வன்தட்டுகளிலும் அவை இன்னும் கிடக்கக்கூடும். எழுதியவர்களின் ஒப்புதல் பெற்று, தனிப்பட்ட விவரங்களை நீக்கி, அவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொதுக் காப்பகங்களில் ஏற்றும் வேலையைப் பழைய உறுப்பினர்களால்தான் செய்ய முடியும்.