ரெண்டாவது வைஃபை வாங்கறதுக்கு முன்னாடி, ரெண்டாவது வழி இருக்கான்னு பாருங்க

"ஏற்காட்டுல ஒரு மாசம் வீடு எடுத்து, அங்கிருந்தே ஆபீஸ் வேலையைப் பார்த்துடலாமா?" என்று யோசிக்கிறவங்களுக்கான பதிவு இது. கிளியூர் பக்கம், காபி எஸ்டேட் நடுவுல ஒரு வீடு. வாடகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாத்தையும் எக்செல்ல போட்டுடுறோம். நெட் போனா என்ன செலவுங்கிற வரியை மட்டும் யாரும் போடுறதில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்துல, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு பெய்த மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிஞ்சு போக்குவரத்து நின்னது ஞாபகம் இருக்கலாம். மலையில பெருமழைன்னா மரம் விழும், கரண்ட் போகும். கம்பத்துல தொங்குற ஃபைபர் அறுந்தா, சரி பண்ற ஆள் மேலே வரணும். அவர் வர்ற ரோடே அடைச்சிருந்தா?

இதுக்குன்னு சிலர் கூடுதலா ஒரு வைஃபை ஆக்சஸ் பாயின்ட் வாங்கி மாட்டிடுறாங்க. வாங்கறது தப்பில்லை, ஆனா அதையும் அதே பிராட்பேண்ட் லைன்ல மாட்டினா அது பேக்கப்பே கிடையாது. ஏற்காடு ஏரி நிரம்பி வழியற தண்ணிதான் கிளியூர் அருவியில விழுது. ஏரி வழியலேன்னா அருவியில என்ன இருக்கும்? வைஃபை பெயர் ரெண்டு தெரியும், பின்னாடி இருக்கிற லைன் ஒண்ணுதான்.

நம்ம ஏரியாவுல சொல்லணும்னா, ஒரே பேங்க்ல ரெண்டு கிளையில டெபாசிட் போடற மாதிரி. டெபாசிட் இன்சூரன்ஸ் ஒரு ஆளுக்கு, ஒரு பேங்குக்கு மொத்தமா 5 லட்சம்தான். ஒரே பேர்ல இருந்தா, கிளை மாத்தினதால அது 10 லட்சம் ஆயிடாது.

மெயின் ரோடு அடைச்சா சேலத்துக்கு இறங்க குப்பனூர் வழின்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அந்த மாதிரி வேற பாதை வேணும். ஃபைபர் ஒரு கம்பெனின்னா, சிம் வேற கம்பெனி. அதிலும் மலையில ஒரு சிக்கல்: ஹால்ல மூணு கோடு காட்டுற சிக்னல், பெட்ரூம்ல காணாமப் போகும். அதனால சிம் போடற 4ஜி ரவுட்டரை, சிக்னல் நல்லா வர்ற ஜன்னல் ஓரமா வையுங்க.

சில 4ஜி ரவுட்டர்ல ஃபைபர் லைனையும் சேர்த்து மாட்டலாம். ஃபைபர் போனா தானா சிம்முக்கு மாறும். ஃபெயில்ஓவர்னு சொல்றது இதைத்தான். வாங்கும்போதே இந்த வசதி இருக்கான்னு கேட்டுக்கோங்க. தனித்தனியா ரெண்டு வைஃபை வெச்சா, நெட் செத்த பிறகும் லேப்டாப் பழைய வைஃபையையே பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். சிக்னல் ஃபுல்லா காட்டும், மீட்டிங் மட்டும் ஓடாது.

செட்டிங்ஸ்ல ஒண்ணு முக்கியம். வீட்டுக்குள்ள இருக்கிற கேபிள் கழண்டாதான் மாறுவேன்னு சில ரவுட்டர் இருக்கும். வெளியே ரோட்டுல ஃபைபர் அறுந்தா அதுக்குத் தெரியவே தெரியாது. அதனால 'இன்டர்நெட் வருதா'ன்னு அடிக்கடி தட்டிப் பார்க்கிற ஆப்ஷனை ஆன் பண்ணணும். அப்படி மாறும்போது ஆபீஸ் விபிஎன் ஒரு தடவை கட்டாகி மறுபடி லாகின் கேட்கலாம், பயப்படாதீங்க.

கரண்ட் போனா ரெண்டு வழியும் சேர்ந்தே போகும். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு மினி யூபிஎஸ் இல்லாம மத்த செலவெல்லாம் வேஸ்ட்.

இப்போ கணக்கு. ரவுட்டர் சுமார் 4,000, மினி யூபிஎஸ் 1,500, 28 நாள் ரீசார்ஜ் 250 ரூபாய்னா வருஷத்துக்கு 13 தடவை, 3,250. மொத்தம் 8,750. சம்பளம் 40,000, மாசம் 22 வேலை நாள்னு வெச்சா ஒரு நாள் சம்பளம் சுமார் 1,818 ரூபாய். அதாவது கிட்டத்தட்ட அஞ்சு நாள் சம்பளம். நெட் போனதால வருஷத்துல அஞ்சு நாள் லீவு போடற நிலைமை வராதுன்னா, இந்த செட்டப் உங்களுக்கு வேண்டாம்னுதான் நான் சொல்வேன். போன்ல வேற நெட்வொர்க் சிம் ஒண்ணைப் போட்டு ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணுங்க, போதும். க்ளையன்ட் கால்லயே வாழ்றவங்க, நைட் ஷிஃப்ட் சப்போர்ட்ல இருக்கிறவங்க கதை வேற. ஒரு நாள் காணாமப் போனாலே அப்ரைசல்ல தெரியும். அவங்க வாங்கலாம்; டேர்ம் இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி, அந்தப் பணம் திரும்பி வராதுன்னு நினைச்சே வாங்கணும். இன்டர்நெட் பில்லுக்கு ரீஇம்பர்ஸ்மென்ட் உண்டான்னு ஹெச்ஆர் கிட்ட ஒரு மெயில் போட்டுப் பாருங்க, கேட்கிறதுக்குக் காசா பணமா?

மாட்டின அன்னிக்கே, அப்புறம் மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒரு வீடியோ கால் ஓடிட்டு இருக்கும்போது ஃபைபர் பெட்டிக்குள்ள வர்ற ஒயரைக் கழட்டிப் பாருங்க. எத்தனை செகண்ட்ல திரும்ப வருதுன்னு குறிச்சு வெச்சுக்கோங்க. வீட்டுக்காரருக்கு ஒரு மாச அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியும் மூணு கேள்வி கேளுங்க: அண்ணே, நெட் லைன் எந்த கம்பெனி? கரண்ட் போனா ரவுட்டர் ஓடுமா? போன மழைக்கு எத்தனை நாள் நெட் இல்லாம இருந்துச்சு?