பரிசுக்கு முன்னால் ஒரு பாடம்

அமெரிக்காவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஆட்டுக்குட்டி ஒன்றை வளர்த்து, ஊர்க் கண்காட்சியில் நிறுத்திப் பரிசு வாங்க ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வேளைக்குத் தீவனம் வைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. அந்நாட்டின் பல மாநிலங்களில் அவள் முதலில் கால்நடைப் பராமரிப்புப் பாடம் ஒன்றைப் படித்து முடிக்க வேண்டும். கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேற வேண்டும். சான்றிதழைக் காட்டினால்தான் ஆட்டுக்குக் கண்காட்சிக் கொட்டிலில் இடம். அடுத்த ஆண்டு வேறோர் ஆட்டோடு வந்தால் மீண்டும் படித்தாக வேண்டும்.

தில்லியில் மூன்றாவது மாடியில் குடியிருந்துகொண்டு, மாட்டுப் பொங்கலன்று காலண்டர் பசுவுக்குப் பொட்டு வைக்கும் நமக்கு இதனால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விதி ஆடு மாடுகளைப் பற்றியது மட்டுமல்ல. குழந்தைகளின் போட்டிகளில் பெரியவர்களின் இடம் எது என்பதைப் பற்றியதும்கூட. ஆகவே இது நம் வீட்டு வாசலுக்கும் வந்து நிற்கிறது.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1902-இல் ஓஹியோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த ஏ.பி. கிரஹாம் என்பவர் கிராமப் பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். வயலில் செய்து பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் அதன் நோக்கம். இத்தகைய சங்கங்களிலிருந்து வளர்ந்ததே ‘ஃபோர்-எச்’ இயக்கம். தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்குக்கும் ஆங்கிலத்தில் ‘எச்’ என்பதே முதலெழுத்து. அதனால் அந்தப் பெயர். நான்கிதழ்த் தழை ஒன்று சின்னம். 1914-இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் வேளாண் கல்லூரிகளின் அறிவைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்ல விரிவாக்கப் பணியை அமைத்தபோது இந்த இயக்கமும் அதனோடு இணைந்தது. 1928-இல் கான்சாஸ் சிட்டியில், பள்ளிகளில் விவசாயம் படிக்கும் மாணவர்களுக்காக ‘எஃப்.எஃப்.ஏ.’ என்ற அமைப்பு தோன்றியது. இன்றும் கவுண்டிக் கண்காட்சிகளில் கன்றையோ பன்றியையோ பிடித்துக்கொண்டு வட்டத்துக்குள் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றைச் சேர்ந்தவர்களே.

பிள்ளை ஒரு குட்டியை வாங்கி, மாதக்கணக்கில் வளர்த்து, எடையையும் தீவனச் செலவையும் ஏட்டில் எழுதி வருகிறது. கண்காட்சியில் நடுவர் ஒரு பிரிவில் விலங்கின் தரத்தைப் பார்க்கிறார். இன்னொரு பிரிவில் பிள்ளை அதை நடத்தும் திறத்தைப் பார்க்கிறார். பிறகு ஏலம். ஊர்க் கடைக்காரர்களும் நிறுவனத்தாரும் சந்தை விலைக்கு மேலேயே கேட்பதுண்டு. அந்தப் பணம் பல வீடுகளில் கல்லூரிப் படிப்புக்குப் போகிறது. விலங்கு இறைச்சிக்குப் போகிறது.

கடைசியில் சொன்னதுதான் இந்தப் பாடத்தின் அடிப்படை. பிள்ளை வளர்ப்பது செல்லப்பிராணி அன்று, யாரோ ஒருவர் வீட்டு உணவு. ‘ஒய்.க்யூ.சி.ஏ.’ எனப்படும் பாடத்திட்டம் 8 முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கானது. ஆண்டுக்கு ஒரு முறை முடிக்க வேண்டியது. உணவின் பாதுகாப்பு, விலங்கின் நலம், வளர்ப்பவரின் பண்பு என்று அதற்கு மூன்று பகுதிகள். பன்றி, ஆடு, இறைச்சி மாடு, கறவை மாடு, கோழி, முயல் எல்லாம் அதில் வருகின்றன. டெக்சஸ் போன்ற மாநிலங்கள் தமக்கென்று தனிப் பாடம் வைத்திருக்கின்றன.

பாடத்தில் என்ன இருக்கிறது? ஊசி போட்டால் எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. அது கழிவதற்கு முன் விலங்கை அறுக்கவோ பாலை விற்கவோ கூடாது. கழியாவிட்டால் மருந்து உண்பவர் உடலுக்குள் போய்விடும். ஊசியைத் தொடையில் அல்ல, கழுத்தில் போட வேண்டும். தீவன மூட்டையில் உள்ள சீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். அசைபோடும் விலங்குகளின் புரதத்தை அசைபோடும் விலங்குகளுக்கே தீவனமாக்கக் கூடாது என்பது பைத்திய மாட்டு நோய்க்கு அஞ்சி 1997-இல் அங்கே வந்த விதி. அதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள். விலங்கை அதட்டாமல் எந்தப் பக்கம் நின்று நடத்துவது, வெயிலில் அது தவிப்பதை எப்படிக் கண்டுகொள்வது என்பவையும் பாடமே.

இந்த அக்கறைக்குப் பின்னால் கசப்பான அனுபவங்கள் உண்டு. 1994-இல் ஓஹியோ மாநிலக் கண்காட்சியில் பரிசு பெற்ற காளைகள் சிலவற்றில் மோசடி அம்பலமானது. தசையைப் புடைக்கச் செய்யும் கிளென்புட்டரால் என்ற தடை செய்யப்பட்ட மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. உடல் வழவழப்பாகத் தெரியத் தோலுக்கடியில் எண்ணெயும் ஏற்றப்பட்டிருந்தது. 1997-இல் டென்வர் நகரின் பெரிய கண்காட்சியில் முதற்பரிசுக் காளையின் பட்டமே அதே மருந்தால் பறிபோனது. அந்த மருந்து கலந்த இறைச்சியை உண்டவருக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். 2012-இல் இன்னொரு பாடம். பன்றிகளிடமிருந்து ஒரு வகை ஃப்ளூ காய்ச்சல் 300-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றியது. அவர்களில் பெரும்பாலோர் வேளாண் கண்காட்சிகளில் பன்றிகளோடு பழகிய குழந்தைகள். கொட்டிலுக்குள் எதையும் தின்னாதே, வெளியே வந்ததும் கை கழுவு என்ற சாதாரண வார்த்தைகள் அதன் பிறகு உயிர்காக்கும் வார்த்தைகளாயின.

இந்த விதியை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். “தொழுவத்தில் பிறந்து வளர்ந்த என் பிள்ளைக்குக் கணினித் திரை என்ன சொல்லித் தரப் போகிறது?” என்று கேட்கும் விவசாயியின் குரலில் உண்மை இல்லாமல் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நாமும் அறிந்ததே. ஒரு மணி நேரப் பாடத்தை அவசரமாகப் புரட்டிச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் எங்கும் இருப்பார்கள். ஆனால் தொழுவம் கற்றுத் தருவது மாட்டைப் பற்றி. அந்த மாட்டின் பாலைக் குடிக்கப் போகும் முகம் தெரியாத மனிதரைப் பற்றித் தொழுவம் பேசுவதில்லை. அதைச் சொல்ல ஒரு பாடம் தேவைதான். எனவே இந்த விதியை நான் வரவேற்கிறேன்.

என் குறை வேறு. இந்தப் பாடம் போதுமான அளவு போகவில்லை. அதுவும் படிக்க வேண்டியவர்களில் பாதிப் பேரை விட்டுவிடுகிறது என்பதே என் குறை.

காளையின் தோலுக்கடியில் எண்ணெய் ஏற்றும் யோசனை பத்து வயதுப் பிள்ளைக்குத் தானாக வராது. ஊசி வாங்கப் பணம் வேண்டும், மருந்து கிடைக்கும் இடம் தெரிய வேண்டும், பிடிபடாமல் தப்பும் சாமர்த்தியம் வேண்டும். இவையெல்லாம் பெரியவர்களிடம் இருப்பவை. ஆனால் தேர்வு எழுதுவது பிள்ளை, சான்றிதழ் பிள்ளையின் பெயரில், பிடிபட்டால் தலைகுனிவும் பிள்ளைக்கே. பிள்ளையோடு பெற்றோரையும் அந்த நாற்காலியில் உட்காரவைத்து, அதே கேள்விகளைக் கேட்டு, அவர்களுக்கும் சான்றிதழ் கொடுத்தால்தான் விதி முழுமையாகும்.

இன்னொரு சம்பவம் 2022-இல் கலிபோர்னியாவின் ஷாஸ்டா கண்காட்சியில் நடந்தது. ஒன்பது வயதுச் சிறுமி தான் வளர்த்த வெள்ளாட்டைப் பிரிய மனமில்லாமல் அழுதாள். தாய் ஆட்டை அங்கிருந்து கொண்டுபோய்விட்டு, நஷ்டத்தைக் கட்டித் தருகிறேன் என்று எழுதினார். ஏல விலை 902 டாலர். அதில் கண்காட்சிக்குச் சேர வேண்டியது 63 டாலர். கண்காட்சியினர் விதி விதிதான் என்றார்கள். காவலர்கள் பல நூறு மைல் பயணம் செய்து ஆட்டைப் பிடித்து வந்தார்கள். ஆடு வெட்டப்பட்டது. வழக்கு நடந்து, 2024-இல் 3,00,000 டாலர் கொடுப்பதென்று சமரசம் ஆயிற்று.

ஏலத்துக்கு ஒப்புக்கொண்ட பிறகு பின்வாங்கலாமா என்று கேட்கலாம். வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியதும் உண்மைதான். ஆனால் விலங்கை வருத்தாதே, அதன் தவிப்பைப் புரிந்துகொள் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்தப் பாடம் பலித்து ஒரு பிள்ளை அழும்போது அதைக் குற்றமாக்கலாமா? முடிவு எப்படி இருக்கும் என்பதை முதல் நாளே மறைக்காமல் சொல்ல வேண்டும். மனம் மாறினால் ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் விலக வழி வைக்க வேண்டும். அழும் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பதையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். அந்தப் பகுதியைக் கண்காட்சி நடத்துகிறவர்களும் படிக்க வேண்டும்.

இதையெல்லாம் அமெரிக்கர்களின் பாடு என்று விட்டுவிட முடியாது. மாமிசம் புழங்காத வீடுகளிலும் பால் உண்டு. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டது. 77 மாதிரிகளில் ஆன்டிபயாட்டிக் எச்சம் அளவுக்கு மேல் இருந்தது. பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்து பாலுக்கு வரும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு 5.7 சதவீத மாதிரிகளில் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அது அதிகமாகக் காணப்பட்ட இடங்கள் தமிழ்நாடு, தில்லி, கேரளம். நாம் விட்டு வந்த ஊரும் நாம் வந்து சேர்ந்த ஊரும் ஒரே பட்டியலில்! காத்திருப்புக் காலத்தையும் ஈரம் பட்ட புண்ணாக்கின் ஆபத்தையும் எட்டு வயதில் படித்த தலைமுறை ஒன்று நம் கிராமங்களில் இருந்தால் இந்தப் பட்டியல் மாறக்கூடும். அந்தியூர்ச் சந்தையிலும் புஷ்கர் சந்தையிலும் மாட்டின் பல்லையும் சுழியையும் பார்க்கிறார்கள். கொடுத்த மருந்துக்கு ஏடு இருக்கிறதா என்று கேட்கும் வழக்கம் எப்போது வரும்?

நகரத்தில் இருக்கும் நாம் மாடு வளர்க்கப் போவதில்லை. ஆனால் போட்டி நடத்துகிறோம். ஆண்டு விழா நெருங்கினால் பேச்சுப் போட்டி, குறள் ஒப்பித்தல், மாறுவேடம் என்று வீடுகள் அமளிப்படுகின்றன. அப்பா எழுதிய பேச்சைப் பிள்ளை ஒப்பிக்கிறது. அம்மா இரவு முழுவதும் விழித்து ஒட்டிய கிரீடத்துக்குப் பிள்ளை பரிசு வாங்குகிறது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கான மாதிரியைக் கடையில் காசு கொடுத்தே வாங்கிவிடலாம். தோலுக்கடியில் எண்ணெய் ஏற்றுவதற்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம், குணத்தில் இல்லை. இரண்டிலும் பிள்ளை கற்றுக்கொள்வது, வெளியே வழவழப்பாகத் தெரிந்தால் போதும் என்பதுதான்.

அங்கே வட்டத்துக்குள் நிற்கும் பிள்ளையிடம் நடுவர் சட்டென்று கேட்பார்: உன் ஆடு என்ன எடை? என்ன தின்கிறது? அந்த இடத்தில் அப்பா எட்டிப் பார்க்க முடியாது. நம் போட்டிகளிலும் நடுவர்கள் ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு கேள்வி கேட்கட்டும். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? இந்த வேடத்தில் இருப்பவர் என்ன செய்தார்? போட்டிக்கு முந்திய வாரம் பிள்ளைகளுக்கு ஒரு மாலை வகுப்பு வைக்கலாம். அதே மாலையில் பெற்றோருக்கும் பக்கத்து அறையில் ஒரு வகுப்பு. எது உதவி, எது தலையீடு என்பது அந்த அறைக்குரிய பாடம். திக்கித் திணறிச் சொந்தமாக நான்கு வாக்கியம் பேசும் பிள்ளைக்கு, ஒப்பித்த நாற்பது வாக்கியத்தைவிட அதிக மதிப்பெண் கிடைக்கும் என்று அறிக்கையிலேயே அச்சிட்டுவிடலாம்.

இதற்குச் சங்கத்துக்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. பரிசுக் கோப்பைகளின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்தாலே போதும். வரும் ஆண்டு விழாவிலேயே தொடங்கிப் பார்க்கலாம் என்பது என் வேண்டுகோள்.